லசாரீனா வைத்த ஒப்பாரி

லசாரீனா முதலில் போய் உட்கார்ந்தது தப்பான வாசலில். அதற்காக அவளைக் குறை சொல்ல முடியாது. மக் கோர்லன் நாட்டில் பிறந்த யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். பெரிய மனிதன் ஒருவன் உனக்கு அநியாயம் செய்தால் அவன் வாசலில் போய்ப் பட்டினி கிடக்க வேண்டும். அவன் உனக்கு நியாயம் செய்ய வேண்டும், இல்லையென்றால் உன்னோடு சேர்ந்து அவனும் பட்டினி கிடக்க வேண்டும். உன்னை வாசலில் பசியோடு வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டானென்றால் அவன் மானம் அன்றோடு போயிற்று. அப்புறம் அவன் சொல்லை ஒரு மாட்டுக்காரன்கூட மதிக்க மாட்டான். நம் ஆட்கள் பால் குடிக்கும்போதே தெரிந்துகொள்கிற விஷயம் இது. கேப்டன் பென்ரிஜ் குடித்தது வேறு பால்.

ஏரிக்கரையில் இங்கிலாந்து ராணியின் பெயரால் புதிதாகக் கட்டிய கோட்டை அவனுடையது. அதற்குள்தான் லசாரீனாவின் புருஷன் ஈவரைக் கட்டிப்போட்டிருந்தார்கள். ராணிக்கு வரியாகச் சேரவேண்டிய மாடுகளை மே மாதம் பிறந்ததும் மலைக்கு ஓட்டிக்கொண்டு போய் மறைத்துவிட்டான் என்பது குற்றம். அவனாகச் செய்திருந்தால் அவன் திருடன், தூக்கு. தலைவன் சொல்லிச் செய்திருந்தால் அவன் வெறும் வேலைக்காரன், விட்டுவிடலாம். பழி தலைவன் மேல் போகும். யார் சொல்லிச் செய்தாய் என்று எத்தனை அடி அடித்தும் ஈவர் வாயைத் திறக்கவில்லை.

லசாரீனா கம்பளிப் போர்வையைச் சுற்றிக்கொண்டு கோட்டை வாசலில் உட்கார்ந்தாள். கேப்டன் மத்தியானம் அவள் பார்க்கவே ஜன்னலோரம் உட்கார்ந்து கோழி சாப்பிட்டான். எலும்பைக்கூட விடாமல் சப்பினான். பிறகு, அவனை ரொம்பக் கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது, ஒரு சிப்பாயிடம் ரொட்டித் துண்டு கொடுத்து அவளுக்குப் போடச் சொன்னான். அவள் அதைத் தொடவில்லை. நாய் தின்றது.

சாயங்காலம் மகோன் வந்தான். துறவிகள் மடத்தில் படித்து, மடத்தை மூடிய பிறகு கேப்டனுக்கு மொழிபெயர்ப்பாளனாகப் போய்ச் சேர்ந்தவன். இரண்டு பக்கமும் அவனை நம்பவில்லை. இரண்டு பக்கத்துக்கும் அவன் இல்லாமல் முடியவில்லை.

"எழுந்திரு லசாரீனா. மானம் போகுது."

"அவனுக்குத்தான போகணும்?"

"அவன் உன்னைப் பிச்சைக்காரின்னு நினைச்சிட்டிருக்கான்."

"நீ எடுத்துச் சொல்லலையா?"

"சொன்னேனே! பசிச்சா சாப்பிடச் சொல்லுங்கறான். நீ இங்க செத்துக் கிடந்தாலும் தாண்டிக்கிட்டுக் குதிரை ஏறப் போவான். அவங்க ஊர்ல இப்படி ஒரு சட்டமே கிடையாது."

"அப்ப அவங்க ஊர்ல பெரியவன் தப்பு பண்ணா, இல்லாதவன் என்னதான் பண்ணுவான்?"

மகோன் கோட்டை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான். "தெரியல. கேட்டுப் பாத்ததில்ல" என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஈவரைக் காப்பாத்த ஒரே ஒரு ஆளு வாயைத் தொறந்தாப் போதும். அந்த ஆளு இந்தக் கோட்டையில இல்ல. உனக்கே தெரியும்" என்றான்.

அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வாசலுக்குப் போகக் கால் வராமல்தான் இங்கே வந்து உட்கார்ந்திருந்தாள்.

மக் கோர்லன் என்பது பட்டம். தலைவனாக யாரை நம் ஆட்கள் தேர்ந்தெடுத்து மலை உச்சிக் கல்லின்மேல் நிறுத்துகிறார்களோ அவனுக்கு அன்றிலிருந்து வேறு பெயர் கிடையாது. அப்போது அந்தப் பெயரோடு இருந்தவர் தொர்லாக். ஈவரின் தாய்தான் அவருக்குப் பால் கொடுத்து வளர்த்தவள். தலைவர் வீட்டுப் பிள்ளைகள் பிறத்தியார் வீட்டில் வளர்வது நம் வழக்கம். ஆகவே தொர்லாக்கும் ஈவரும் ஒரே மடியில் கிடந்தவர்கள், ஒரே கிண்ணத்தில் தயிர் குடித்தவர்கள். கூடப்பிறந்தவன் கத்தியை உருவினாலும் ஒரே மார்பில் பால் குடித்தவன் உருவ மாட்டான் என்று நம்புகிற ஜனங்கள் நாங்கள்.

அந்தத் தொர்லாக் போன வருஷம் டப்ளினுக்குப் போய் ராணியின் ஆட்கள் முன்னால் மண்டியிட்டு, மக் கோர்லன் என்ற பெயரையும் நிலத்தையும் ஒப்படைத்தார். நிலத்தைத் திரும்பத் தருவதாகச் சொன்னார்கள், இங்கிலாந்துச் சட்டப்படி, முத்திரை வைத்து, அப்பனுக்குப் பிறகு மகனுக்கு என்று. பெயரைத் திரும்பத் தரவில்லை. பதிலுக்கு சர் டெரன்ஸ் என்று ஒன்று கொடுத்தார்கள். நம் வழக்கப்படி நெற்றியில் விழவிட்டிருந்த முடியை வெட்டிக்கொண்டு, கழுத்தில் மடிப்பு மடிப்பாக வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு அவர் திரும்பி வந்தபோது பெண்கள் போர்வைக்குள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். சிரித்தது தப்பு. பக்கத்து நாட்டுத் தலைவன் மண்டியிட மாட்டேன் என்றான்; ராணியின் சிப்பாய்கள் அங்கே பச்சைக் கதிரை எல்லாம் வெட்டிச் சாய்த்துவிட்டுப் போனார்கள், பனிக்காலத்தில் ஜனங்கள் புல்லைத் தின்றார்கள். தொர்லாக் அதைப் பார்த்துவிட்டுத்தான் டப்ளினுக்குப் போனார். வெளியே சர் டெரன்ஸ், வீட்டுக்குள் மக் கோர்லன் என்று இரண்டு குதிரையில் காலை வைத்துச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தார்.

மாடுகளை மலைக்கு ஓட்டச் சொன்னவர் அவர்தான். முத்திரை வைத்த காகிதம் இன்னும் வந்துசேரவில்லை. இந்த நேரத்தில் அதை ஒப்புக்கொண்டால் நிலம் மொத்தமும் ராணிக்குப் போய்விடும்.

மறுநாள் காலை லசாரீனா அவருடைய கோபுர வீட்டுக்கு வந்தாள். முற்றத்தில் இருந்த விருந்துக் கூடத்தின் வாசற்படிக்கு வெளியே உட்கார்ந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. பார்த்ததுமே எல்லாருக்கும் புரிந்தது. கறந்த பாலைத் தூக்கிக்கொண்டு வந்த பெண்ணொருத்தி அப்படியே திரும்பிப் போனாள்.

தொர்லாக் தானே வெளியே வந்தார். வெட்டிய முடி ஒழுங்கில்லாமல் வளர்ந்துகொண்டிருந்தது.

"தங்கச்சி, உள்ள வா. உக்காந்து பேசலாம்."

"இங்கயே இருக்கேன் அண்ணா."

"வேண்டாம். எழுந்திரு. ஊரே பாக்குது."

"பாக்கட்டுமே. அதுக்குத்தான உக்காந்திருக்கேன்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் சும்மா இருக்கேன்னு நினைக்காத. மகோன்கிட்ட ஈவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கேன். என் பேரைச் சொல்லிக்கோ, நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்னு. அவன்தான் சொல்ல மாட்டேங்கறான். நான் என்ன பண்ணட்டும்?"

"அவரு சொல்ல மாட்டாருன்னு தெரிஞ்சுதான சொல்லி அனுப்பினீங்க?"

தொர்லாக்கின் முகம் சிவந்தது. அவள் சொன்னது உண்மை என்பது அவள் சொல்லும்வரை அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். உள்ளே போனார். போய், அடுப்பை அணைக்கச் சொன்னார்.

அவரும் பட்டினி கிடந்தார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். வீட்டில் ரொட்டி சுடவில்லை, வெண்ணெய் வெளியே வரவில்லை. சமையற்கட்டுப் பெண் உனா வாசலுக்கு வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏன்டி, ரெண்டு பேரும் சேந்து என் பொழப்பையும் கெடுக்கணுமா? உள்ள அவரு மொறைக்கிறாரு, வெளிய நீ மொறைக்கிற. எனக்குப் பசிக்குதுடி."

"நீ சாப்பிடேன். உன்னை யாரு வேண்டாம்னா?"

"எங்க தொண்டையில எறங்குது?" என்று உனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா ஒண்ணு சொல்றேன். டப்ளின் போய்ட்டு வந்ததுல இருந்து இந்த மனுஷன் இன்னிக்குத்தான் மக் கோர்லன் மாதிரி இருக்காரு."

ஊரிலும் அதே பேச்சுத்தான். கழுத்தில் வெள்ளைத் துணி கட்டினாலும் வழக்கத்தை விடவில்லை பார் என்றார்கள். லசாரீனாவின் பசியைவிட அவருடைய பசியைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். அதில் அவளுக்குக் கோபம் வந்தது. அவர் பட்டினி கிடப்பதால் ஈவரின் கழுத்தில் விழப்போகும் கயிறு ஒரு முழம்கூடக் குறையப்போவதில்லை. ஆனால் வழக்கம் அதற்கு இடம் கொடுக்கிறது. இரண்டு பேரும் இப்படியே எதிரெதிராகப் பசியோடு உட்கார்ந்திருக்க, அங்கே கேப்டன் தூக்கு மரத்தை நட்டுக்கொண்டிருந்தான்.

அப்படி இருக்கும்போதுதான் கேப்டனே ஒருநாள் மத்தியானம் குதிரையில் வந்து இறங்கினான். பின்னால் மகோன். கேப்டனுக்கு ஒரே சந்தோஷம். முத்திரை வைத்த காகிதம் டப்ளினிலிருந்து வந்துவிட்டது, சர் டெரன்ஸோடு உட்கார்ந்து விருந்து சாப்பிட்டுவிட்டுத் தன் கையால் கொடுக்கப் போகிறானாம். வாசலில் லசாரீனாவைப் பார்த்ததும், "இவள் இங்கேயும் வந்துவிட்டாளா!" என்று மகோனிடம் கேட்டுச் சிரித்தபடி அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனான்.

விருந்தாளி வந்துவிட்டால் அடுப்பை மூட்டாமல் இருக்க முடியாது. அதுவும் வழக்கம். உனா முணுமுணுத்துக்கொண்டே ஆட்டுக்கறியை வேகவைத்தாள். ஓட்ஸ் ரொட்டி சுட்டாள். அந்த வாசனை வாசல்வரை வந்தது. லசாரீனா பசியை மறந்து நெடுநேரமாயிருந்தது. இப்போது போர்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கூடத்தின் கதவு அகலத் திறந்திருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறவன் தலைவனே அல்ல என்பதால் அதைச் சாத்தச் சொல்ல தொர்லாக்குக்கு வாய் வரவில்லை. முற்றத்தில் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். தலைவரின் காவலுக்கு நிற்கிற கோடாரி வீரர்கள், மாட்டுக்காரர்கள், பால் கறக்கிற பெண்கள்.

கேப்டன் சாப்பிட்டான். தொர்லாக் முன்னால் கறி ஆவி பறந்துகொண்டிருந்தது.

"உடம்பு சரியில்லையா, சர் டெரன்ஸ்?" என்று கேட்டான் கேப்டன். மகோன் மொழிபெயர்த்தான்.

"பசி இல்ல."

"வாசலில் இருக்கிற அந்தப் பெண் இதற்கு ஏதாவது காரணமா?" கேப்டன் சிரித்துக்கொண்டேதான் கேட்டான், ஆனால் கத்தியைக் கீழே வைத்துவிட்டான். "அவள் அந்த மாட்டுத் திருடனின் மனைவி என்கிறார்கள். அவளுக்கும் உங்களுக்கும் என்ன?"

மகோன் அதை மொழிபெயர்த்தான். தொர்லாக் வாசலைப் பார்த்தார். லசாரீனா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடாதீங்க அண்ணா, வேண்டாம் என்று அவள் மனம் கெஞ்சியது. அந்த ஒரு கணம் அவள் ஈவரைக்கூட மறந்துவிட்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றார் தொர்லாக். கறித் துண்டை எடுத்து வாயில் வைத்தார். மென்றார். விழுங்கினார்.

முற்றத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். ஒரு கோடாரி வீரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

லசாரீனா எழுந்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். முக்காட்டை இழுத்துக் கீழே போட்டாள். கூந்தலை அவிழ்த்தாள். என்ன செய்யப்போகிறாள் என்று தெரிந்ததும், "ஐயோ, வேண்டாண்டி!" என்று உனா சமையற்கட்டிலிருந்து ஓடி வந்தாள். அதற்குள் அவள் கையைத் தட்டிக் குரலெடுத்துவிட்டாள்.

"போயிட்டீங்களே மக் கோர்லன், எங்களை விட்டுப் போயிட்டீங்களே!
தெறந்த வீட்டு ராசா, தெறந்த கதவோட போயிட்டீங்களே!"

செத்தவருக்கு வைக்கிற ஒப்பாரி அது. பிணத்தின் தலைமாட்டில் நின்று, முன்னோர் பெயரை வரிசையாகச் சொல்லி, அவர் செய்த நல்லதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி அழுவது. உயிரோடு உட்கார்ந்து மென்றுகொண்டிருப்பவருக்கு யாரும் வைத்ததில்லை. முற்றத்துப் பெண்கள் ஒரு கணம் திகைத்து நின்றார்கள். பிறகு ஒருத்தி, அப்புறம் இன்னொருத்தி என்று ஈற்றடியை வாங்கிப் பாடினார்கள். வழக்கத்தில் ஊறிய தொண்டை. குரல் எழுந்தால் எதிர்க்குரல் தானாக எழும்.

"யார் செத்தது?" என்றான் கேப்டன்.

"இந்த வீட்டுத் தலைவர்" என்றான் மகோன்.

"இதோ எதிரில் உட்கார்ந்து கறி தின்கிறாரே!"

"ஆமாம் கேப்டன். அதனால்தான் செத்தாராம்."

லசாரீனா நிறுத்தவில்லை. ஒப்பாரியில் பொய் சொல்லக்கூடாது, நல்லதை விடவும் கூடாது. கோபத்தில் ஆரம்பித்தவள் சொல்லச் சொல்ல உண்மையாகவே அழுதாள்.

"பனியில வெண்ணெய்ப் பீப்பாயைத் தொறந்துவிட்ட கை எங்க?
எங்க கதிரு சாயக் கூடாதுன்னு மண்டியிட்ட முழங்கால் எங்க?
மாட்டை மலைக்கு ஓட்டுடா தம்பி, பசங்க பாலில்லாம சாகக் கூடாதுன்னு
எங்க ஈவருகிட்ட சொன்ன வாய் எங்க, ஐயோ, எங்க?"

பெண்கள் ஈற்றடியை வாங்கவில்லை.

"என்ன சொல்கிறாள்?" என்றான் கேப்டன்.

மகோன் வாயைத் திறந்தான், மூடினான். "துக்கத்தில் ஏதோ உளறுகிறாள்" என்றான் கடைசியில். அவன் வாழ்க்கையில் செய்த ஒரே தவறான மொழிபெயர்ப்பு அது என்று பிற்காலத்தில் அவனே சொல்லிக்கொள்வான்.

தொர்லாக் எழுந்தார். முகம் வெளுத்திருந்தது. கழுத்தில் கட்டியிருந்த துணியை ஒரு கையால் தளர்த்தினார், மூச்சு முட்டியவர்போல.

"மகோன்."

"ஐயா."

"அவ சொன்னதை அப்படியே சொல்லு."

"ஐயா, நிலம்..."

"என்னைப் பத்தி நல்லதாத்தான சொன்னா? சொல்லு."

மகோன் சொன்னான். கேப்டன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். முத்திரை வைத்த காகிதத்தை மேஜையிலிருந்து எடுத்துச் சட்டைக்குள் திரும்ப வைத்துக்கொண்டான்.

ஈவரை அன்றைக்கே விட்டுவிட்டார்கள். தொர்லாக்கை டப்ளினுக்குக் கொண்டுபோனார்கள். நிலத்தைக் கேப்டனும் அவனைப்போன்றவர்களும் பங்குபோட்டுக்கொண்டார்கள். கோபுர வீட்டில் இப்போது யாரோ ஒரு துணி வியாபாரி இருக்கிறான். கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிடுகிறான்.

ஈவர் வீடு திரும்பியபோது லசாரீனா கஞ்சி வைத்திருந்தாள். அவன் வாசலில் நின்றுகொண்டு அவளையே பார்த்தான். விரல்கள் இரண்டு ஒடிந்து கோணலாக ஆறியிருந்தன.

"நான் வாயைத் தொறக்காம இருந்ததெல்லாம் எதுக்குன்னு நெனச்ச?"

"நீங்க உசுரோட வரணும்னு நான் நெனச்சேன்."

"நான் போயிருந்தா ஒருத்தன்தான் போயிருப்பான். அண்ணன் இருந்திருந்தா ஊரு இருந்திருக்கும்."

"எனக்கு ஊரு வேண்டாம். நீங்க போதும்" என்றாள் அவள். அதைச் சொன்னதற்கு அன்றும் அவள் வருத்தப்படவில்லை, பிறகும் வருத்தப்படவில்லை. ஈவர் உள்ளே வந்து கஞ்சியைக் குடித்தான். அந்தப் பேச்சு அதற்குப் பிறகு அந்த வீட்டில் எழவில்லை. மாடு பறிபோனவர்கள் மாடில்லாமல் வாழக் கற்றுக்கொண்டார்கள். லசாரீனா இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள், ஒன்றைப் புதைத்தாள், துணி வியாபாரியின் வயலில் கதிர் அறுத்தாள். சந்தையில் சில பெண்கள் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். சில பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இரண்டுக்கும் அவள் ஒரே மாதிரித் தலையை ஆட்டிவிட்டு நடந்தாள்.

ஏழெட்டு வருஷம் போயிருக்கும். ஒரு நாள் காலை மகோன் நரைத்த தலையோடு குன்றேறி வந்தான். டப்ளின் சிறையில் தொர்லாக் இறந்துவிட்டார், அங்கேயே எங்கோ புதைத்துவிட்டார்கள், கல்லுகூட இல்லை என்று சொன்னான்.

செய்தி பரவப் பரவ ஜனங்கள் மலை உச்சிக் கல்லருகில் கூடினார்கள். யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்தார்கள். பிணம் இல்லாததால் அவர் நின்ற கல்லைச் சுற்றி நின்றார்கள். பால்கொடுத்த வீட்டுப் பெண்தான் முதல் குரல் எடுக்க வேண்டும். ஈவரின் தாய் இறந்துபோயிருந்தாள். எல்லாரும் லசாரீனாவைப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாடு" என்றான் ஈவர்.

"அன்னிக்கே பாடிட்டேனே."

"அன்னிக்குக் கேப்டன் கேக்கப் பாடின. இன்னிக்கு எங்க அண்ணனுக்குப் பாடு."

அவள் முக்காட்டை எடுத்தாள். வாயைத் திறந்தாள். வெண்ணெய் கொடுத்த கை, மண்டியிட்ட முழங்கால், மாட்டை ஓட்டச் சொன்ன வாய் எல்லாம் நினைவுக்கு வந்தன. வேறொன்றும் வரவில்லை.

"என்னத்தைச் சொல்லிப் பாடுவேன்?" என்றாள் ஈவரிடம். "அவரு செஞ்ச நல்லது அத்தனையையும் எடுத்து அன்னிக்கு அவரு மேலயே எறிஞ்சிட்டேனே. மிச்சம் ஒண்ணும் இல்லையே எங்கிட்ட."

கூட்டம் நெடுநேரம் காத்திருந்தது. பிறகு பின்னால் நின்ற உனா, பால்கொடுத்த வீட்டுக்காரி இல்லை, சொந்தமும் இல்லை, தன் கரகரத்த குரலில் தொடங்கினாள். லசாரீனா மற்றப் பெண்களோடு போய் நின்று ஈற்றடியை வாங்கிப் பாடினாள்.